பொம்மைச் சந்தை – 17
எழுபத்திரண்டில் ஒன்று

கடந்த வாரங்களில்: 1987-ல் எம்.ஆர்.எஃப். குழுமமும் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோவும் கைகோத்துத் தொடங்கிய ஃபன்ஸ்கூல், ஜி.ஐ. ஜோ வீரர்களை இந்தியாவிலேயே வார்த்தது. அமெரிக்க வீரனுக்கு ஒரு நிறச் சட்டை, நம் வீரனுக்கு வேறு நிறம். அந்த வித்தியாசத்துக்காகவே வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் பின்னாளில் அவற்றைத் தேடி அலைந்தார்கள். எத்தனை வார்த்தோம், எத்தனையோடு நிறுத்துவோம் என்று ஃபன்ஸ்கூல் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. அதனால் மீறுவதற்கும் ஒன்றுமில்லை.

பிறகு டை வார்னர் வந்தார். பீனி பேபி பொம்மைகளுக்கு ஒவ்வொன்றாக ‘ஓய்வு’ கொடுத்து விலையை ஏற்றியவர். 1999 ஆகஸ்ட் கடைசியில், ஆண்டு முடிவோடு அத்தனை பொம்மைகளுக்கும் மூடுவிழா என்றார். கடைசி நாட்களில், தொடரலாமா என்று மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தினார். ஓட்டுக்கு 50 சென்ட். தொடரலாம் என்று தீர்ப்பு வந்தது. 2000-ல் பொம்மைகள் கடைக்குத் திரும்பின. விலை திரும்பவில்லை.

இந்த வாரம், கால் நூற்றாண்டைத் தாண்டி, டெல்லிக்கு.

* * *

2025 கோடை. சரோஜினி நகர் மார்க்கெட்.

டெல்லியின் பழைய தமிழர்களுக்கு இது வினய் நகர். சுதந்திரத்துக்குப் பிறகு மத்திய அரசு ஊழியர்களுக்காகக் கட்டிய குடியிருப்பு; பின்னர் சரோஜினி நாயுடுவின் பெயரைப் பெற்றது. செகரட்டேரியட்டில் வேலை கிடைத்து ரயிலேறி வந்த எத்தனையோ தமிழ்க் குடும்பங்களின் முதல் குவார்ட்டர்ஸ் இங்கேதான். பிள்ளையார் கோயில் இன்றும் இருக்கிறது. குவார்ட்டர்ஸ்களை இடித்து அடுக்குமாடிகளாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

டெல்லியின் கல்லூரிப் பெண்களுக்கோ சரோஜினி என்றால் துணி. எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ். வெளிநாட்டு கம்பெனிக்காகத் தைத்து மீந்தவை, தையல் பிசகியதால் கழித்தவை, லேபிளைக் கத்தரித்துவிட்டுக் குவியலாக வந்து விழும். பேரம் பேசத் தெரிந்தவருக்கு ஒரு விலை, தெரியாதவருக்கு ஒரு விலை.

அந்தக் கோடையில் துணிக் குவியல்களுக்கும் கம்மல் தட்டுகளுக்கும் நடுவே புதிதாக ஒரு முகம் தொங்கியது. முயல் காது, மயிரடர்ந்த உடம்பு, உருண்டைக் கண், வாய் முழுக்கக் கூரிய பற்கள். கைப்பையில் மாட்டுவதற்கு ஒரு வளையம்.

லபுபு.

விலை சில நூறு ரூபாய். அசல் லபுபு இந்தியாவுக்குள் வந்து சேரும்போது பல ஆயிரம். அதை விற்கும் பாப் மார்ட் நிறுவனத்துக்கு அப்போது இந்தியாவில் ஒரு கடைகூட இல்லை. வெளிநாடு போய் வந்தவர்கள், இறக்குமதி செய்து மறுவிற்பனை செய்கிறவர்கள், ஆன்லைன் தரகர்கள் என்று மூன்று கை மாறித்தான் அசல் வந்தது. பொம்மைக்கான இறக்குமதி வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70.

சரோஜினியில் தொங்கியது அசல் என்று கடைக்காரரும் சொல்லவில்லை, வாங்கியவரும் நினைக்கவில்லை. அதிகபட்சம் ‘ஃபர்ஸ்ட் காபி’ என்பார்கள்: நகல்களில் முதல் தரம். உலகமே அந்த நகலுக்கு ‘லஃபுஃபு’ என்று செல்லப் பெயர் வைத்துவிட்டிருந்தது. அசலுக்கு ஒன்பது பல். நகலில் எட்டு இருக்கும், பத்து இருக்கும், சில நேரம் முகமே திரும்பியிருக்கும்.

அதில் ஆபத்தும் உண்டு. நகல் எளிதில் சிறு துண்டுகளாக உடைந்து குழந்தையின் தொண்டையில் சிக்கலாம் என்று 2025 ஆகஸ்டில் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்தது. முகத்தைப் படைத்த ஓவியருக்கு நகலிலிருந்து ஒரு பைசா போகாது. சரோஜினியின் கலகலப்பில் மயங்கி இதையெல்லாம் மறந்துவிடக் கூடாது.

ஆனாலும் ஒரு கேள்வி நிற்கிறது. நகல் வாங்கியவள் ஏமாறவில்லை. அப்படியானால் அந்த ஆண்டு லபுபுவால் ஏமாந்தோம் என்று கோபப்பட்டவர்கள் யார்? அவர்கள் அத்தனை பேரும் அசலை வாங்கியவர்கள்.

அது எப்படி நடந்தது?

* * *

பதினைந்து ஆண்டுகள் பின்னால் போகவேண்டும்.

வாங் நிங் 1987-ல் பிறந்தவர். ஹெனான் மாகாணத்துக்காரர். 2010-ல் பெய்ஜிங்கின் ஜோங்குவான்சுன் பகுதியில் ஒரு கடை திறந்தார். பெயர் பாப் மார்ட். பொம்மைக் கடைகூட அல்ல. அலங்காரப் பொருள், ஸ்டேஷனரி, பரிசுப் பொருள் என்று எல்லாம் கலந்த கடை. பெரிதாக ஓடவில்லை.

ஒரே ஒரு பொருள் மட்டும் திரும்பத் திரும்ப விற்றது. ஜப்பானின் சோனி ஏஞ்சல். கட்டைவிரல் உயரத்தைவிடக் கொஞ்சம் பெரிய குழந்தைப் பொம்மை. மூடிய பெட்டியில் வரும். பிரித்தால்தான் எது என்று தெரியும். வாங்கியவர்களே மறுபடி வந்தார்கள்.

நம் ஊர்ப் பெட்டிக்கடையில் தொங்கிய சீட்டு அட்டை நினைவிருக்கிறதா? காசு கொடுத்து ஒரு சீட்டைக் கிழித்தால், பெரிய பலூனும் விழலாம், ஒரு மிட்டாயோடும் போகலாம். அட்டையின் உச்சியில் பெரிய பரிசு எப்போதும் தொங்கிக்கொண்டே இருக்கும். அந்த அட்டைதான் இது. தாள் மட்டும் உசத்தி.

2016 ஜனவரி. வாங் நிங் வெய்போ சமூகவலையில் ஒரு கேள்வி போட்டார்: சோனி ஏஞ்சல் தவிர வேறு எதைச் சேகரிக்கிறீர்கள்?

பதில்களில் ஒரு பெயர் குவிந்தது. மோலி. உதட்டைச் சுழித்துக்கொண்டு நிற்கும் சிறுமி. ஹாங்காங் ஓவியர் கென்னி வாங்கின் படைப்பு. வாங் நிங் ஹாங்காங் போனார், ஒப்பந்தம் போட்டார். அதே ஆண்டில் மோலியின் ராசிச் சின்ன வரிசை வந்தது. விலை 59 யுவான். மூடிய பெட்டி.

இங்கேதான் நம் கதையின் முக்கியமான எண் பிறக்கிறது.

ஒரு வரிசையில் 12 பொம்மைகள். 12 சிறு பெட்டிகள் சேர்ந்தால் ஒரு செட். 12 செட் சேர்ந்தால் ஒரு கார்ட்டன். மொத்தம் 144 பெட்டி. அதற்குள் ஒன்றில் மட்டும், வரிசையில் காட்டாத ஒரு பொம்மை: ‘ரகசியம்’. 144-ல் ஒன்று. வரிசையில் ஆறு பொம்மைகள் மட்டும் இருந்தால் 72-ல் ஒன்று.

பார்வைக்குச் சுத்தமான கணக்கு. சீட்டு அட்டைக்காரர் என்றைக்காவது இத்தனையில் ஒன்று என்று எழுதி வைத்தாரா? பாப் மார்ட் எழுதியது. அந்த நேர்மைதான் அதன் முதல் மூலதனம் என்பேன். வாங்குகிறவர்கள் கடைக்குள் நின்று பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்கினார்கள், எடை பார்த்தார்கள், விரலால் அழுத்திப் பார்த்தார்கள். பெட்டிக்குள் என்ன இருக்கும் என்பதில்தான் சந்தேகம். விகிதத்தில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

* * *

2020 டிசம்பர் 11. ஹாங்காங் பங்குச் சந்தையில் பாப் மார்ட் பட்டியலானது. பங்கின் வெளியீட்டு விலை 38.50 ஹாங்காங் டாலர். முதல் நாளே ஏறக்குறைய இரு மடங்குக்குப் பாய்ந்தது.

அதே மாதம் முதல் கீறல்.

ஒரு கிளையில் வாடிக்கையாளர் வாங்கிய பெட்டி, ஏற்கெனவே ஒருமுறை பிரித்து ஒட்டியது போலிருந்தது. கடை ஊழியர்கள் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடி விற்றிருக்கிறார்கள். செய்தி பரவியது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது, சம்பந்தப்பட்டவர்களை வேலையிலிருந்து நீக்கியது.

பொம்மையின் விலை 59 யுவான்தான். ஆனால் அந்த 59-க்கு விற்கப்பட்டது பொம்மையோடு கூடவே ஒரு வாய்ப்பு. பெட்டியைத் திறந்து பார்த்தவன் பொம்மையைத் திருடவில்லை. வாய்ப்பைத் திருடினான்.

அடுத்தது 2022 ஜனவரி. சீனாவில் கே.எஃப்.சி. தன் 35-ஆம் ஆண்டைக் கொண்டாட பாப் மார்ட்டோடு சேர்ந்தது. குடும்பச் சாப்பாடு ஒன்று வாங்கினால் டிமூ பொம்மைப் பெட்டி ஒன்று. ரகசியம் 72-ல் ஒன்று. செட்டை நிறைக்க ஒருவர் 10,494 யுவான் கொடுத்து 106 சாப்பாடு வாங்கினார். கூலிக்கு ஆள் பிடித்துத் தின்னச் சொன்னவர்கள் இருந்தார்கள். தின்ன முடியாமல் கொட்டியவர்களும் இருந்தார்கள். சீன நுகர்வோர் சங்கம் பகிரங்கமாகக் கண்டித்தது.

2023 ஜூனில் அரசே இறங்கியது. எட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மூடிய பெட்டி விற்கக் கூடாது. விகிதத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

சொல்லித்தானே இருக்கிறோம் என்றது 72.

* * *

லபுபுவைப் படைத்தவர் காசிங் லங். ஹாங்காங்கில் பிறந்து சிறு வயதிலேயே நெதர்லாந்துக்குக் குடிபெயர்ந்தவர். வடதிசை ஐரோப்பியப் பழங்கதைகளைக் கேட்டு வளர்ந்தவர். 2015-ல் அவர் வரைந்த ‘தி மான்ஸ்டர்ஸ்’ கதைப் படங்களில்தான் லபுபு பிறந்தது. 2019-ல் பாப் மார்ட் உரிமம் வாங்கியது. 2023-ல் கைப்பையில் மாட்டும் துணிப் பொம்மையாக மாற்றியது: ஆறு நிறம், ஒரு ரகசியம்.

2024 ஏப்ரலில் பிளாக்பிங்க் இசைக் குழுவின் லிசா, தாய்லாந்தில் பிறந்தவர், தன் பையில் லபுபுவை மாட்டிக்கொண்டு படம் போட்டார். தாய்லாந்து பற்றிக்கொண்டது. அங்கிருந்து உலகம்.

2025 மே மாதம் பிரிட்டனில் கடை வாசலில் அடிதடி. அங்கிருந்த 16 கடைகளிலும் லபுபு விற்பனையைப் பாப் மார்ட் நிறுத்தி வைத்தது.

ஜூன் 10. பெய்ஜிங்கில் யோங்லே ஏல நிறுவனம், லபுபுவுக்கென்றே ஓர் ஏலம் நடத்தியது. 131 செ.மீ. உயரமுள்ள வெளிர்பச்சை லபுபு ஒன்று 10,80,000 யுவானுக்குப் போனது. ரூபாயில் ஒரு கோடியே இருபத்தைந்து லட்சத்தை ஒட்டி. உலகில் இது ஒன்றே என்றார்கள். இன்னொரு பழுப்புநிற லபுபு 8,20,000 யுவான். அது 15-ல் ஒன்று.

ஜூன் 10-க்கும் ஜூன் 18-க்கும் நடுவே எட்டே நாட்கள். நின்று பார்க்க வேண்டிய எட்டு நாட்கள் அவை.

* * *

பாப் மார்ட்டின் மேசையில் அந்த வாரம் இரண்டு கூட்டம் எதிரெதிரே நின்றன.

ஒரு பக்கம் ரசிகை. அவளுக்கு ஒரு லபுபு போதும். கடைக்குப் போனால் சரக்கு இல்லை. ஆன்லைனில் திறந்த நொடியில் முடிந்துவிடுகிறது. தரகரிடம் நாலைந்து மடங்கு கொடுக்க வேண்டும். மனம் வெறுத்து நகலை வாங்குகிறாள். பெய்ஜிங்கிலும் அதுதான், டெல்லியிலும் அதுதான். சரோஜினி நகரில் அந்த முகத்தைத் தொங்கவிட்ட காரணங்களில் பாதி இந்தத் தட்டுப்பாடு.

மறுபக்கம் சேர்த்து வைத்தவர். அவரிடம் முழு செட் இருக்கிறது, ரகசியமும் இருக்கிறது. கடையில் கிடைக்காது என்ற நம்பிக்கையில் அதிக விலை கொடுத்து வாங்கியவர். இவருக்குப் பின்னால் தரகர்களின் நீண்ட வரிசை.

சரக்கை இறக்கினால் இவருக்குத் துரோகம். இறக்காவிட்டால் அவளுக்கு.

டை வார்னர் 1999-ல் இதே இடத்தில் நின்றார். அவர் தட்டுப்பாட்டின் பக்கம் சாய்ந்து, பிறகு பின்வாங்கினார். இரண்டு கூட்டத்தையும் இழந்தார்.

ஜூன் 18. சீனாவில் ஆன்லைன் பெருவிற்பனை நாள். பாப் மார்ட் லபுபுவின் மூன்றாம் வரிசைக்கு முன்பதிவைத் திறந்துவிட்டது. இப்போது பணம் கட்டு, பொம்மை பின்னால் வரும். கேட்டவருக்கெல்லாம் என்று சொல்லுமளவுக்குச் சரக்கு.

சில மணி நேரத்தில் தரகர் சந்தை சரிந்தது. விலை கிட்டத்தட்டப் பாதி. பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருந்தவர்கள் அலறினார்கள். அடுத்த நாட்களில் சீன ஆளுங்கட்சி நாளேடான பீப்பிள்ஸ் டெய்லி மூடிய பெட்டி வியாபாரத்துக்குக் கடிவாளம் வேண்டும் என்று எழுத, பங்கும் இறங்கியது.

என் தராசில் ஜூன் 18 சரியான முடிவு. பொம்மை செய்கிறவன், பொம்மை வேண்டுமென்று கேட்பவளுக்குப் பொம்மை கொடுத்தான். தரகனுக்கு அவன் எதுவும் எழுதிக் கொடுத்திருக்கவில்லை.

ஆனால் சேர்த்து வைத்தவர்? அவருக்கும் எழுதிக் கொடுக்கவில்லையா? பெட்டியின் மேல் அச்சடித்த 1/72 என்னவாம்?

* * *

ஆகஸ்ட் 19. அரையாண்டுக் கணக்கை வெளியிட்டார்கள். வருமானம் 1,388 கோடி யுவான். முந்தைய ஆண்டின் மூன்று மடங்கு. அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் லபுபுவும் அதன் கூட்டாளிப் பூதங்களும் கொண்டுவந்தவை.

அதையொட்டிச் சொன்ன இன்னொரு எண்ணைத்தான் நான் பென்சிலால் கோடிட்டு வைத்தேன். துணிப் பொம்மைகளின் உற்பத்தித் திறன் மாதத்துக்குச் சுமார் மூன்று கோடி. முந்தைய ஆண்டைப் போல் பத்து மடங்குக்கும் மேல்.

வெறும் ஒரு கணக்குக்காக, அந்த மூன்று கோடியும் 72-ல் ஒன்று ரகப் பெட்டிகள் என்று வைத்துக்கொள்வோம். வகுத்துப் பாருங்கள். மாதத்துக்கு நான்கு லட்சத்துக்கும் மேல் ‘ரகசிய’ப் பொம்மைகள்.

பெட்டியில் அச்சடித்த எழுத்தில் ஒரு பொய்யும் இல்லை. 72-ல் ஒன்று அன்றும் உண்மை, இன்றும் உண்மை. அது விகிதம். எத்தனை கோடி செய்தாலும் விகிதம் உடையாது. வாங்கியவர்கள் அதை எண்ணிக்கையாகப் படித்தார்கள். ‘அரிது’ என்று படித்தார்கள். அப்படிப் படிக்கட்டும் என்று கம்பெனியும் விட்டுவிட்டது.

எண்ணிக்கையைச் சொல்லி விற்றவர்களும் உண்டு. மேட்டல் 1995-ல் ஹாட் வீல்ஸ் கார்களில் ‘டிரெஷர் ஹன்ட்’ வரிசையைத் தொடங்கியபோது 12 கார்கள், காருக்குப் பத்தாயிரம் மட்டும் என்றது. அடுத்த ஆண்டே பத்தாயிரம் 25,000 ஆனது. பழைய கார்களின் எண்ணிக்கையை மேட்டல் தொடவில்லை. முதல் 12 கார்கள் இன்றும் பத்தாயிரம்தான், சேகரிப்பாளர்கள் இன்றும் அவற்றைத் தனியாக மதிக்கிறார்கள். முன்னால் சொன்ன எண்ணைக் காப்பாற்றிக்கொண்டே, இனி வருவதை மாற்றிக்கொள்ள முடியும் என்பதற்கு இது சாட்சி.

இன்னொரு சாட்சி, கேட்டால் சிரிப்பீர்கள், சரோஜினி நகரின் துணிக் குவியல். ஒரு எக்ஸ்போர்ட் லாட் வந்தால் வந்ததுதான். அதே சட்டையை அடுத்த வாரம் கேட்டால் கிடைக்காது. லிமிடெட் எடிஷன் என்று எழுதி வைக்க யாருக்கும் நேரமில்லை. லாட் தீர்ந்தால் தீர்ந்தது, அவ்வளவே. அதே தெருவில் தொங்கும் லஃபுஃபு அந்த ரகம் இல்லை. கேட்கக் கேட்க வரும். அசலும் அந்த ஆகஸ்டில் கேட்கக் கேட்க வரத் தொடங்கியிருந்தது.

ஆகஸ்ட் கடைசியில் பாப் மார்ட்டின் பங்கு 300 ஹாங்காங் டாலரைத் தாண்டி உச்சம் தொட்டது. செப்டம்பரில் மறுவிற்பனை விலைகள் கரையத் தொடங்கின, பங்கும் கூடவே.

நவம்பர். பாப் மார்ட்டின் நேரலை விற்பனை ஒன்றில், மைக் திறந்திருப்பது தெரியாமல் ஊழியர் ஒருவர் 79 யுவான் டிமூ பெட்டியைப் பற்றி, இந்த விலை கொஞ்சம் அதிகம்தான் என்ற பொருளில் பேசினார். வாங்குவதற்கு ஆள் இருக்கும் என்று பக்கத்திலிருந்தவர் பதில் சொன்னார். ஓடிக்கொண்டிருந்த நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் காதில் அது விழுந்தது.

2020-ல் பெட்டியைத் திறந்து பார்த்து ஒட்டிய ஊழியரை நீக்க முடிந்தது. இதை என்ன செய்வது? அவர்கள் எந்தப் பெட்டியையும் பிரிக்கவில்லை. கம்பெனியின் கணக்கை உரக்கச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

* * *

விகிதத்தை நம்பியவர்கள் கையில் பொம்மை இருக்கிறது, விலை இல்லை. எண்ணிக்கையை நம்பியவர்களைத்தான் அடுத்து பார்க்கவேண்டும். 8,20,000 யுவான் கொடுத்த அந்தப் பழுப்பு லபுபுவின் சொந்தக்காரரைப் போன்றவர்களை. அவர் வாங்கியது 72-ல் ஒன்று அல்ல, 15-ல் ஒன்று. பாப் மார்ட் வருவதற்கு முன்பே, ஹாங்காங்கின் சிறு பட்டறைகளில், ஓவியர்களும் வார்ப்புக்காரர்களும் சேர்ந்து இப்படி எண் போட்டுப் பொம்மை செய்யும் வழக்கம் ஒன்று இருந்தது. லபுபுவின் முதல் சிலைகள் அங்கிருந்துதான் வந்தன.

பதினைந்தோடு நிறுத்திவிட்டோம் என்று ஓவியர் சொல்கிறார். அச்சு இருப்பது தொழிற்சாலையில். பதினாறாவதை வார்க்கவில்லை என்று அங்கே போய் எண்ணிப் பார்த்தது யார்?

(தொடரும்)